போக்கியத்தில் வாங்கிய மூன்று வீடுகள்

வேலூர் தோட்டப்பாளையத்தில் அந்த மூன்று வீட்டு வரிசையை இன்றைக்கும் சிஸ்டர் லைன் என்றுதான் சொல்கிறார்கள். கதவு எண்ணைச் சொன்னால் தபால்காரரே சற்று யோசிப்பார். சிஸ்டர் லைன் என்றால் பெட்டிக்கடைக்காரர் பேச்சை நிறுத்தாமல் கையை மட்டும் நீட்டித் தெருமுனையைக் காட்டுவார்.

அந்த சிஸ்டர், இன்பம், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். காலையில் கிணற்றுப் பக்கம் ஒரு இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். கிணற்றில் இப்போது மோட்டார் இருக்கிறது. ஆனாலும் பழைய ராட்டினமும் கயிறும் அப்படியே தொங்குகின்றன. "எடைக்காவது போட்டுடலாமே" என்று கணவர் சுந்தர்ராஜ் எப்போதாவது ஆரம்பிப்பார். "இருந்துட்டுப் போவட்டுங்க" என்பாள். அந்தக் கயிற்றுக்காகத்தான் இந்த வீடுகளையே வாங்கினாள் என்பது அவருக்குத் தெரியும்.

இன்பம் ராணிப்பேட்டைக் கம்பவுண்டர் ஒருவரின் மகள். நர்ஸ் படிப்பு முடித்து வேலூருக்கு வேலைக்கு வந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்த சுந்தர்ராஜைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து வாடகை வீடுதான். ஒரு வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். இன்னொரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமாக வந்து மூக்கை உறிஞ்சி, இன்று என்ன கறி என்று மோப்பம் பிடிப்பார். கடைசியாக வந்து சேர்ந்தது பங்கஜம் அம்மாள் வீடு. ஆணி அடிக்கலாம், எந்தக் கறியும் ஆக்கலாம். ஆனால் காலை ஏழு மணிக்குப் பங்கஜம் அம்மாள் கிணற்றுக் கயிற்றையும் வாளியையும் சுருட்டி உள்ளே எடுத்துப் போய்விடுவார்.

"ஏழுக்கு மேல கயிறு கெடந்தா தெருவே வந்து எறைச்சிட்டுப் போய்டும்மா. வேலூர்ல வேற எது வேணா கெடைக்கும், தண்ணி கெடைக்குமா, நீயே சொல்லு" என்பார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஆனால் இன்பத்துக்கு மாதத்தில் பாதி நைட் டூட்டி. அவள் வீடு வந்து சேரும்போது ஏழரை ஆகியிருக்கும். உடம்பெல்லாம் ஸ்பிரிட் வாசனையும் வார்டு வாசனையும். சுந்தர்ராஜ் ஒரு குடத்தில் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரில் சமையலும் ஆக வேண்டும், அவளுடைய குளியலும் ஆக வேண்டும். கழுத்துக்குக் கீழே சொம்புக் கணக்கில் ஊற்றிக்கொள்வாள். தலைக்கு ஊற்றுவது ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம்.

எழுபத்து நாலாம் வருஷம், மழை வராத ஐப்பசியில் ஒரு காலை. கல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வந்திருந்த குடும்பத்தின் சின்னக் குழந்தை ஒன்று விடியற்காலையில் அவள் கையிலேயே போய்விட்டது. பாஷை தெரியாத அந்தத் தாய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் இன்பத்துக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொள்ள வேண்டும். கயிறு இல்லை. "அம்மா, கயிறு குடுங்களேன், ஒரே ஒரு வாளி" என்று கதவருகே நின்று கூப்பிட்டாள். பங்கஜம் அம்மாள் பூஜையில் இருந்தார். உள்ளேயிருந்து மணிச்சத்தம் மட்டும் வந்தது. இன்பம் துவைக்கிற கல்லின் மேல் யூனிபாரத்தோடு உட்கார்ந்துவிட்டாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். ஆழத்தில் ஒரு துண்டு ஆகாயம் அசையாமல் கிடந்தது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். வீடு வாங்கியே ஆக வேண்டும்.

அந்த மாதமே அப்துல் ஹமீத் வார்டில் வந்து படுத்தார். மேல்விஷாரம் தோல் வியாபாரி. சர்க்கரைக்காரர், காலில் ஆறாத புண். கட்டு மாற்றும்போது வலியை மறக்க ஊர்க்கதை பேசுவார்.

"சிஸ்டர், தோட்டப்பாளையத்துல மூணு வூடு கெடக்கு. வித்துடலாம்னு பாக்கறேன். யாராச்சும் இருந்தா சொல்லும்மா."

"நல்ல வீட்ட இன்னாத்துக்குப் பாய் விக்கறீங்க?"

"அரைகுறையா பதம் பண்ண தோல அனுப்பாத, முழுசா முடிச்சு அனுப்புன்னு கவர்மெண்ட்டு சொல்லிட்டான். அதுக்கு மிஷின் வேணும். மிஷினுக்குக் காசு வேணும். வூட்டுல இருந்துதானே எடுக்கணும்?"

இன்பம் பஞ்சை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "கெணறு இருக்குதா?"

ஹமீத் வலியை மறந்து சிரித்துவிட்டார். "எல்லாரும் விலை எவ்ளோம்பாங்க. நீ தண்ணி இருக்குதான்ற! எங்க ஊர்ல கெணறு உப்பு ஏறிப்போச்சும்மா. அங்க எளநீ மாதிரி இருக்கும்."

"அப்ப நானே வாங்கிக்கறேன் பாய்."

ஹமீத் அவளை வெள்ளைத் தொப்பியிலிருந்து வெள்ளை ஷூ வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். சிரிக்கவில்லை. "சரி, டிசம்பர் கடைசி வரைக்கும் வெச்சிருக்கேன். அதுக்கு மேல எனக்கும் தாங்காது" என்றார்.

வங்கிக்குப் போனாள். மேனேஜர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். குடியிருக்கவா என்று கேட்டார். இரண்டை வாடகைக்கு விடுவேன் என்று உண்மையைச் சொன்னாள். பேனாவை மூடிவிட்டு, "அதெல்லாம் வியாபாரம்மா. சாரை வரச் சொல்லுங்க, பேசலாம்" என்றார். சாரோ வாட்ச்மேனிடம் பேசவே கூச்சப்படுகிறவர். நர்சுகள் சேர்ந்து போட்ட ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தாள். தாலிச் செயின் தவிர மற்ற நகையெல்லாம் போயிற்று. எல்லாம் சேர்த்தும் ஒரு வீட்டுக்கே பற்றவில்லை.

வழி சொன்னவரும் ஹமீத்தான். "போக்கியத்துக்கு விட்டுடும்மா. குடி வர்றவன் காசுலயே வூட்ட வாங்கிடலாம்."

போக்கியம் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. குடி வருகிறவர் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிடுவார். மூன்று வருஷம் வாடகை கிடையாது. கெடு முடிந்ததும் வீட்டுக்காரர் தொகையை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும், அவர் காலி செய்ய வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் வீட்டை விற்றாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்பம் மூன்று வீட்டையுமே போக்கியத்துக்கு விட்டாள். ஒன்றில் ஏற்கெனவே ஹமீதுக்கு வாடகை கொடுத்துவந்த நயீம் அகமது. தோல் மண்டியில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். வீட்டை விட்டுப் போக மனமில்லாமல், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த காசைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொன்றில் குடியாத்தத்திலிருந்து லுங்கி கொண்டுவந்து லாங்கு பஜாரில் விற்கும் ஜம்புலிங்கம். மூன்றாவதில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் ஏசுராஜ்.

பத்திரத்தை என்றைக்கு எழுதுவது என்று கேட்டபோது இன்பத்துக்கு ஒரே நாள்தான் தோன்றியது. புது வருஷ ஆராதனை முடிந்து, சபையில் அந்த வருஷத்துக்கென்று எடுத்த பைபிள் வசனச் சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எழுபத்தைந்து ஜனவரி முதல் தேதி மூன்று பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டாள். அந்தக் காசோடு சீட்டுக் காசையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, மறுநாள் ஹமீத் வீடுகளை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தார். நல்ல நாளில் நல்ல காரியம். மூன்றின் கெடுவும் அதே நாளில்தான் வந்து முடியும் என்பது அன்றைய சந்தோஷத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

சுந்தர்ராஜுக்கு மட்டும் வேறொரு சந்தேகம். "எல்லாம் சரி இன்பம். அப்ப நாம எங்க இருப்போம்?"

"இங்கதாங்க. பங்கஜம் அம்மா வீட்லதான்."

"மூணு வீட்டுக்காரி சொம்பு தூக்கிட்டு அந்தம்மா கெணத்தடியில நிக்கணுமா?"

"மூணே வருஷம்ங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் அவளுக்கு அந்த இரவுச் சாப்பாடுதான் ஞாபகம் வருகிறது: தண்ணீர்ச் சிக்கனத்துக்காக ஒரே தட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டு, மூன்று வீட்டுக்குச் சொந்தக்காரர்களாக வயிறு வலிக்கச் சிரித்தது.

ஒரு மாதம் கழித்து, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து நயீம் அகமது பங்கஜம் அம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் கொஞ்சம் பணம்.

"இது இன்னா பாய்?"

"வாடகை சிஸ்டர்."

"போக்கியத்துக்கு ஏது பாய் வாடகை?"

"அதான் எனக்கு ஆகல சிஸ்டர். கடன் மாதிரி ஒரு காசக் குடுத்துட்டு அதுக்குப் பதிலா சும்மா குடியிருந்தா, அது வட்டி வாங்கின கணக்குதான். எங்களுக்குக் கூடாது. கம்மியா இருந்தாலும் பரவால்ல, ஒரு வாடகை போட்டுக்குங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரணும்."

பாதி வாடகை என்று பேசி முடித்தார்கள். ஜம்புலிங்கத்துக்கு இது பெரிய வேடிக்கை. கிணற்றடியில் நயீமைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா பாய், காசு ஜாஸ்தியாப் பூட்சா? எனக்கும் சேத்து வாடகை கட்டிடேன்!" என்பார். அவர் மனைவி அம்சவேணி, "நீ இன்னாய்யா அந்த மனுசன வம்புக்கு இழுக்கற" என்று வாளியால் தண்ணீரைத் தெளிப்பாள். நயீம் தாடிக்குள் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த மூன்று வருஷமும் இன்பம் நைட் டூட்டி முடிந்து, தன் லைன் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள். கிணற்றில் ராட்டினம் கிறீச்சிடும். நயீமின் மனைவி ரஃபத் ஜஹான் துணி அலசிக்கொண்டிருப்பாள். "வாங்க சிஸ்டர், டீ குடிச்சிட்டுப் போங்க." குடிப்பாள். அங்கே குளித்துவிட்டுப் போகலாம்தான். யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் குடியிருப்பவர்களின் தண்ணீர் அது என்று ஒரு வைராக்கியம். கயிற்றை ஒரு தடவை தொட்டுவிட்டு, பங்கஜம் அம்மாளின் சொம்புக் குளியலுக்குப் போய்விடுவாள்.

மூன்றாவது வருஷம் தசராவுக்குப் பிறகுதான் ஜனவரி முதல் தேதி கண்ணில் தட்டியது. ஏசுராஜுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்திருந்தது. ஏஜென்டுக்குப் பணம் கட்ட வேண்டும். ஜம்புலிங்கம் ஊரில் விசைத்தறி போடப்போகிறார், தறிக்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது. இருவரும் கெடு தேதிக்குப் பணம் வேண்டும் என்றார்கள். நயீமும் கேட்டால் மூன்று பேர். மறுபடி எடுத்த சீட்டும், பி.எஃப். கடனும் சேர்த்தால் ஒருவருக்குத்தான் காணும்.

இந்தச் சமயம் பார்த்து வீரபாகு வந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜ் வைத்திருப்பவர்.

"சிஸ்டர், வடநாட்டு பேஷண்ட்டுங்க ரூம் ரூம்னு அலையறாங்க. உங்க எடத்துல இன்னொரு லாட்ஜ் போடறேன். மூணு போக்கியத்தயும் நானே தீத்துடறேன். உங்க கைக்கும் கொஞ்சம் நிக்கும்."

"கெணத்த இன்னா பண்ணுவீங்க?"

"தூர்த்துட்டு மேல படிக்கட்டு வெச்சிடலாம்."

இன்பம் யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

ஏசுராஜுக்கு முதலில் கொடுத்து அனுப்பினாள். காலியான அவன் வீட்டுக்குப் புதிதாகப் போக்கியக்காரர் வந்தால் அந்தக் காசை ஜம்புலிங்கத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. ஆட்கள் வந்தார்கள். வீட்டைப் பார்த்தார்கள். கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்து, தலையாட்டினார்கள். தெருமுனை டீக்கடை வரைக்கும் போனார்கள். திரும்பி வரவில்லை.

காரணத்தை ஜம்புலிங்கம்தான் வந்து கொட்டினார். "சிஸ்டர், உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த லைன் பத்திரத்துல வில்லங்கம், ஹமீத் பாய் பங்காளிங்க கேஸ் போடப் போறாங்கன்னு வீரபாகு கடத்தெரு பூரா பேசிட்டிருக்காரு. என் தறி காசு இன்னா ஆவறது? பேசாம அவர்கிட்டயே குடுத்துடுங்களேன். எல்லாருக்கும் நல்லது."

அன்று இன்பம் வீட்டில் எதுவும் சாப்பிடவில்லை. சுந்தர்ராஜ் சொன்னார்: "வித்துடலாம் இன்பம். ஆழம் தெரியாம கெணத்துல காலை விட்டுட்டோம்." திட்டாமல் சொன்னார். அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது.

டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆராதனை முடிந்து நேராக லைனுக்கு வந்தாள். வீரபாகுவுக்குச் சரி என்று சொல்வதற்கு முன்னால் நயீமிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அங்கே பார்த்தால் நயீம் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து விருந்தாளிகள். மகள் அஃப்ஸர் ஜஹானைக் கேட்டு ஆம்பூரிலிருந்து வந்திருக்கிறார்கள். ஆம்பூர்க்காரருக்குப் பிரியாணி போட்டுப் பேர் வாங்க முடியுமா என்று பயந்து, ரஃபத் ஜஹான் நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆக்கியிருந்தாள். வாசனை கிணறு வரைக்கும் வந்தது. ஜம்புலிங்கம் தன் வாசற்படியில் முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் பண்ணுகிற சாக்கில் உட்கார்ந்திருந்தார்.

இன்பம் திரும்பிவிடப் பார்த்தாள். அதற்குள் மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டது அவள் காதில் விழுந்தது. "நயீம் பாய், தப்பா நெனைக்காதீங்க. கல்யாணக் காச இந்த வூட்டுலதான் போட்டிருக்கீங்களாமே. வர்ற வழியில டீக்கடையில வில்லங்கம்னு சொல்றான்?"

சவரக்கத்தி நின்றது. தட்டு எடுத்துவந்த ரஃபத் ஜஹான் நின்றாள்.

நயீம் நிதானமாகக் கை துடைத்துக்கொண்டார். "போட்டிருக்கேன் சம்பந்தி. பேங்க்ல போட்டா வட்டி போடுவான், அது ஆகாது. பெட்டியில வெச்சா எனக்குத் தூக்கம் போய்டும். என் பொண்ணு காசு முழுக்க இந்தச் செவுத்துக்குள்ளதான் இருக்கு. நிக்காஹ் ரெண்டு வருஷம் கழிச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்னுதான் நான் நெனைச்சிருக்கேன்." பிறகு கிணற்றடியில் நின்றவளைப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்திச் சொன்னார்: "சிஸ்டர், நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. எனக்கு எந்தக் கெடுவும் இல்ல. மாசா மாசம் வாடகை குடுக்கறவனுக்கு ஏது மூணு வருஷம்? என் காசு அட்வான்ஸ் மாதிரி கெடக்கட்டும்."

சம்பந்தி இன்பத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார்கிட்ட வாங்கினதும்மா?"

"மேல்விஷாரம் அப்துல் ஹமீத் பாய்கிட்ட."

சம்பந்தி முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "மொதல்லயே சொல்லக் கூடாதா? ஹமீத் சாஹிபா? தோல்ல ஊசி நொழையற ஓட்டை இருந்தாக்கூட, வெளிச்சத்துல தூக்கிக் காட்டிச் சொல்லிட்டுத்தான் விலை சொல்ற ஆளு! அவரு வித்த வூட்டுல வில்லங்கமா? எந்தப் பேஜார் புடிச்சவன் சொன்னான்?"

ஜம்புலிங்கம் அரைச் சவரத்தோடு எழுந்தார். "நான் கூட நம்பலீங்க பாய்" என்றார். அம்சவேணி உள்ளேயிருந்து, "ஆமாமா, நேத்து ராத்திரிகூட நம்பல!" என்றாள். முற்றமே சிரித்தது. சம்பந்தியின் கை பிடித்து நயீம் மறுபடி சோற்றுக்கு உட்காரவைத்தார்.

தோல்காரர்கள் வாய் வழியாகப் போன சேதிக்கு முன்னால் வீரபாகுவின் சேதி நிற்கவில்லை. அடுத்த வாரமே சம்பந்தியின் ஊர்க்காரர், ஆம்பூர் ஷூ கம்பெனி சூப்பர்வைசர், மனைவியின் வைத்தியத்துக்காக வேலூரில் தங்க வேண்டியவர், ஏசுராஜ் இருந்த வீட்டைப் போக்கியத்துக்கு எடுத்தார். அந்தப் பணம் கெடு நாளன்று ஜம்புலிங்கம் கைக்குப் போயிற்று. பத்திரத் தேதியை மட்டும் இந்த முறை இன்பம் புது வருஷத்தில் வைக்கவில்லை. ஜம்புலிங்கம் போகும்போது சுந்தர்ராஜுக்கு இரண்டு லுங்கி வைத்துக் கொடுத்துவிட்டு, "மனசுல வெச்சுக்காதீங்க மாஸ்டர்" என்றார்.

அவர் காலி செய்த வீடுதான் இன்பத்துக்கு முழு வாடகை தந்த முதல் வீடு. குடிபோகலாம் என்றார் சுந்தர்ராஜ். நயீம் மகள் கல்யாணத்துக்குக் காசு நிற்க வேண்டும் என்று இன்பம் அதைக் கல்கத்தாக் குடும்பங்களுக்கு விட்டாள். கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாசனை லைனில் புதிதாக வந்து சேர்ந்தது. மாதக்கணக்கில் தங்குவார்கள், தமிழில் தண்ணி, கம்மி, வலி என்ற மூன்று சொற்களைக் கற்றுக்கொண்டு போவார்கள். சிலர் நோயாளியோடு வந்து தனியாகப் போனார்கள். அப்படிப்பட்ட காலையில் இன்பம் அந்த வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டுப் போவாள். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

அஃப்ஸர் ஜஹானின் நிக்காஹுக்கு ஒரு மாதம் முன்னாலேயே நயீமின் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து முழு வாடகை கொடுத்தார்.

சூப்பர்வைசரின் கெடுவும் முடிந்து, எண்பத்தொன்றில்தான் அவர் காலி செய்த வீட்டுக்கு இன்பமும் சுந்தர்ராஜும் ஒரு மாட்டு வண்டியில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பங்கஜம் அம்மாள் வாசல் வரைக்கும் வந்து கண் கலங்கினார். "உன்ன மாதிரி தண்ணி செலவு பண்ணாத குடித்தனம் இனி எனக்கு அமையாதும்மா" என்றார்.

வந்த வாரமே நைட் டூட்டி. காலையில் ஏழரைக்கு லைனுக்குள் நுழைந்தாள். பழைய பழக்கம், கிணற்றடிக்கு வந்து, துவைக்கிற கல்லின் மேல் கைப்பையை வைத்துவிட்டு, நின்றாள். கயிறு ராட்டினத்தில் கிடந்தது. வாளி விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அது கண்ணில் படவே இல்லை. மூடியிருந்த கதவுகளில் ஒன்றைப் பார்த்து, பங்கஜம் அம்மாள் வாசலில் கேட்ட அதே குரலில், "அம்மா, கயிறு…" என்றாள்.

ரஃபத் ஜஹான் எட்டிப் பார்த்தாள். "இன்னா சிஸ்டர், யாரக் கூப்பிடறீங்க? கயிறு கெணத்துலதானே கெடக்கு!"

இன்பம் திரும்பிக் கயிற்றைப் பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றினாள். ராட்டினம் கிறீச்சிட்டது. முதல் வாளியைத் தலையோடு ஊற்றிக்கொண்ட பிறகுதான் யூனிபாரத்தை மாற்றவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதோடு நிறுத்தவும் இல்லை.